15 சிலிண்டர், 24 வீடு: வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

அந்தப் பட்டியல் இன்னமும் என் மேசை இலாச்சியில் இருக்கிறது. பாடசாலைக் கொப்பியிலிருந்து கிழித்த தாள், நீல மை, நான்கு மூலையிலும் ஒட்டுநாடா பிய்ந்த தடம். 2022 மே மாதத்தில் இரண்டு நாட்கள் அது எங்கள் தொடர்மாடியின் லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. பதினைந்து வீட்டு இலக்கங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காரணம்: கைக்குழந்தை, சலரோகம், 70 வயதுக்கு மேல். எழுதியவன் நான். அடியில் 'செயலாளர்' என்று கையெழுத்திட்டவனும் நான்.

ஆசிரியர் பயிற்சி வகுப்புகளில் பல ஆண்டுகள் சமூக உளவியல் படிப்பித்தவன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குழு மனப்பான்மை பற்றிக் கேள்வித்தாள் தயாரித்து, விடை திருத்திப் புள்ளி போட்ட கை அது. அந்தக் கை எழுதிய பட்டியலில் என்ன நடந்திருக்கிறது என்று விளங்கிக்கொள்ள எனக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் எடுத்தது.

கீழே வரும் வீடுகள், தொழில்கள் பற்றிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். என்னைத் தவிர வேறு எவரையும் அடையாளம் காட்டுவது நோக்கமல்ல.

கட்டடம்

காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஆறு மாடிக் கட்டடம், மாடிக்கு நான்கு வீடு. மேல்மாடியில் நின்றால் ரயில் பாதையும் மரைன் டிரைவும் அதற்கப்பால் கடலும் தெரியும். உப்புக் காற்றில் யன்னல் கம்பிகள் துருவேறிக்கொண்டே இருக்கும். முகாமைக் குழுக் கூட்டங்களில் பாதி நேரம் அந்தத் துருவுக்கே போய்விடும். 24 வீடுகளில் 17 வீட்டார் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். நான்கு முஸ்லிம் குடும்பங்கள், மலையகத்திலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள், ஓய்வுபெற்ற சிங்கள அரச உத்தியோகத்தர் ஒருவரும் மனைவியும். அந்த ஒரு வீட்டைத் தவிர மற்றெல்லா வீட்டிலும் பேச்சு தமிழ்தான். மேடைகளில் 'தமிழ் பேசும் மக்கள்' என்று ஒரே மூச்சில் சொல்கிறார்களே, அவர்களை அப்படியே ஒரு லிஃப்டுக்குள் ஏற்றிவிட்டதுபோல.

வெள்ளவத்தையில் புதிதாகக் குடிவரும் தமிழரிடம் முதலில் கேட்கப்படுவது 'எந்த ஊர்?' என்பதுதான். கேட்பவர் கொழும்பிலேயே பிறந்திருப்பார். அவருடைய பிள்ளைகள் அந்த ஊரைப் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஆனாலும் கேள்வி மாறாது. 'சுன்னாகம்' என்றால், 'சுன்னாகத்தில் எவ்விடம்?' பிறகு கோயில், பள்ளிக்கூடம், தகப்பனாரின் பெயர். நான்காவது பதில் வருவதற்குள் உறவா, அறிந்த குடும்பமா, என்ன சாதி என்பதெல்லாம் கேட்டவருக்குத் தெரிந்துவிடும். அவற்றில் ஒன்றைக்கூட அவர் நேரே கேட்டிருக்க மாட்டார். மூன்றாம் மாடிக்கு 2018 இல் வந்த மலையக ஆசிரியை குடும்பம் இந்தக் கேள்விக்கு 'ஹட்டன்' என்றது. இரண்டாவது கேள்வி வரவில்லை. "ஓ, நல்ல குளிர்" என்பதோடு பேச்சு முடிந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அவர்களை எப்படிப் பங்கு பிரிப்பது என்று 1964 இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. இந்த விவரங்களையெல்லாம் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அந்த ஆசிரியையின் தாயார் தம் வாழ்நாளில் எத்தனை ஆண்டு நாடற்றவராக இருந்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அது இரண்டாவது கேள்வியாக இருந்திருக்கும்.

முஸ்லிம் வீடுகளின் கதை வேறு. 2019 ஏப்ரல் 21 இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. கொச்சிக்கடையில் செத்தவர்களில் தமிழர் பலர். எங்கள் கட்டடத்திலேயே ஒருவருக்கு அங்கே உறவினர் இழப்பு. அதற்கடுத்த வாரம் முகாமைக் குழு கூடியது. நான்கு வீடுகளிடம் மட்டும் அடையாள அட்டைப் பிரதியும், வந்துபோகும் விருந்தாளிகளின் விவரமும் கேட்டுக் கடிதம் கொடுப்பதென்று தீர்மானமாயிற்று. 'பாதுகாப்புக் காரணங்களுக்காக' என்று அதில் ஒரு வரி உண்டு. நல்ல தமிழில் தட்டச்சுச் செய்து கொடுத்தேன்.

கூட்டத்தில் இருந்த ஐந்து பேரும் 2007 ஐ அறிந்தவர்கள். அந்த ஆண்டு ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிசார் எழுப்பி, பஸ்களில் ஏற்றி ஊர்ப்பக்கம் அனுப்பினார்கள். கொழும்பில் இருப்பதற்கு உங்களிடம் தகுந்த காரணம் இல்லை என்பதுதான் சொல்லப்பட்டது. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு நிறுத்தியது. எங்கள் குழுவின் தலைவர் அந்த ஆண்டுகளில் பொலிஸ் பதிவுப் படிவத்தை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருந்தவர். அந்தப் பையைத் தொட்டபடியேதான் அவர் 2019 கடிதத்துக்கு ஒப்புதல் சொன்னார் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் அவர் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். எவருக்கும் எந்த உறுத்தலும் தெரியவில்லை.

கடிதம் கொடுத்த சில நாட்களில் இன்னொரு சின்ன விஷயம் நடந்தது. கட்டடத்துக்கென்று இருந்த வட்ஸ்அப் குழுவோடு, இரண்டாவதாக ஒரு குழு முளைத்தது. திருவிழா அறிவித்தல், செத்தவீடு, ஊர்ப் பலகாரம் கொண்டுவருபவரின் தொலைபேசி இலக்கம் போன்றவற்றுக்காக. 17 வீட்டார் அதில் இருந்தார்கள். யாரையும் விலக்கவில்லை, சேர்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. மூன்று ஆண்டு கழித்து யாருக்கு எரிவாயு கிடைக்கும் என்பதை அந்தக் குழுதான் தீர்மானிக்கப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

பட்டியல்

2022 ஐ நினைவூட்ட வேண்டியதில்லை. மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேர மின்வெட்டு. 12.5 கிலோ சிலிண்டர் ஏப்ரலில் 4,860 ரூபாய்க்கு ஏறியது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. தொடர்மாடியில் இருப்பவனுக்கு விறகும் இல்லை, அடுப்பு மூட்ட முற்றமும் இல்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து ஒழுங்கை முனையில் இரவோடு இரவாக வரிசை வைத்தார்கள். சிலிண்டருக்குக் காவலாக ஆட்கள் கதிரை போட்டு உறங்கினார்கள்.

மே நடுப்பகுதியில் ஒழுங்கை முனைக் கடைக்காரர் எங்களுக்கு ஓர் உபகாரம் செய்தார். "மாஸ்டர், தனித்தனியாக வந்தால் சனம் சண்டை பிடிக்கும். உங்கள் கட்டடத்துக்கு மொத்தமாகப் பதினைந்து தருகிறேன். யாருக்கென்று நீங்களே எழுதிக்கொண்டு வாருங்கள்" என்றார். அன்றிரவு மின்வெட்டு முடிந்ததும் என் சாப்பாட்டு மேசையில் குழு கூடியது. முதலில் விதி எழுதினோம். கைக்குழந்தை உள்ள வீடு, நோயாளி உள்ள வீடு, 70 வயதுக்கு மேற்பட்டோர் உள்ள வீடு. எவரும் குறை சொல்ல முடியாத விதி. பிறகு பெயர்களுக்குப் போனோம். முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

ஒன்பது வீடுகள் விடுபட்டன. ஒன்று பூட்டிய வீடு. ஒன்று பராமரிப்புப் பணம் தொடர்பாகக் குழுவோடு வழக்காடிக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவருடையது. மற்ற ஏழும் முஸ்லிம் வீடு நான்கு, மலையக வீடு இரண்டு, சிங்கள வீடு ஒன்று. யாழ்ப்பாணத்தாரின் 17 வீட்டில் பூட்டியது போக எஞ்சிய பதினாறுக்குள்ளேயே பதினைந்து சிலிண்டரும் போயின. பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூட்டிய வீட்டைக் கழித்து 23 வீட்டுக்கும் சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தால், அந்த ஏழு வீடும் ஒன்றுவிடாமல் விடுபட்டுப்போக ஏறத்தாழ 30,600 இல் ஒரு வாய்ப்புத்தான் உண்டு.

அந்த முக்கால் மணி நேரத்தில் எவரைப் பற்றியும் ஒரு கெட்ட சொல் பேசப்படவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது. பேசப்பட்டவை எல்லாம் பாராட்டுகள். "முஸ்லிம் ஆட்கள் கெட்டிக்காரர்கள், வியாபாரத் தொடர்பு இருக்கிறது, எப்படியும் எடுத்துக்கொள்வார்கள்." "மலையக ஆட்களுக்கு விறகு பழக்கம், எங்களைப்போல் கஷ்டப்பட மாட்டார்கள்." "ஐயா அரசாங்க உத்தியோகம் பார்த்தவர், அவருக்கு ஆட்களைத் தெரியும்." ஏழு வீடும் மெச்சப்பட்டே வெளியே போயின. அந்த 'வியாபாரத் தொடர்பு' உள்ள நான்கு வீட்டில் ஒருவர் பாடசாலை ஆய்வுகூட உதவியாளர் என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

பட்டியல் ஒட்டிய இரண்டாம் நாள் இரவு, மின்வெட்டு நேரத்தில் நான்காம் மாடிப் பெண் கதவைத் தட்டினார். கையில் சுடுதண்ணீர்ப் போத்தல். பால்மா கரைக்க வெந்நீர் கிடைக்குமா என்று என் மனைவியிடம் கேட்டார். மனைவி நிரப்பிக் கொடுத்துவிட்டு, "யாருக்குப் பிள்ளை, பால்?" என்றார்.

"மகனுக்கு, அன்ரி. மூன்று மாதம்."

மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் வாசலில் நின்றபடியே, "கீழே இருந்த பட்டியலைப் பார்த்தேன். கைக்குழந்தை உள்ள வீடு என்று எழுதியிருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தது உங்களுக்குத் தெரியாதாக்கும் என்று நினைத்தேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். ரோச் வெளிச்சம் படிகளில் ஏறிப்போவது கதவின் கீழிடுக்கில் தெரிந்தது.

தெரியாதுதான். ஒரே லிஃப்டில் ஏறி இறங்கும் ஒருத்தியின் வயிறு பெருத்ததும், பிள்ளை பெற்று வந்ததும் எங்களுக்குத் தெரியவில்லை. இரண்டாம் மாடி மருமகளுக்குச் சிங்கப்பூரில் பிள்ளை பிறந்த செய்தியோ அன்று மாலையே இரண்டாவது வட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது.

மூன்று பரிசோதனைகள்

ஹென்றி தாஜ்ஃபெல் போலந்தில் பிறந்த யூதர். பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்து 1940 இல் ஜெர்மானியரிடம் கைதியானார். தான் போலந்து யூதர் என்பதை மறைத்து, பிரெஞ்சுக் கைதியாகவே இருந்து உயிர் தப்பினார். திரும்பி வந்தபோது குடும்பத்தில் நெருங்கியவர் எவரும் மிஞ்சவில்லை. எந்தப் பிரிவில் எழுதப்பட்டிருக்கிறோம் என்பதில்தான் தம் உயிர் தங்கியிருந்தது என்று அறிந்த மனிதர், பிற்பாடு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பாடசாலைப் பையன்களை வைத்துச் செய்த பரிசோதனைகள் 1970, 71 இல் வெளிவந்தன.

பதினான்கு, பதினைந்து வயதுப் பையன்கள். திரையில் புள்ளிகளைக் காட்டி எத்தனை என்று மதிப்பிடச் சொன்னார்கள். நீ கூட்டி மதிப்பிடும் அணி, நீ குறைத்து மதிப்பிடும் அணி என்று பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது எழுந்தமானமாக. இன்னொரு தடவை, கிளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களில் யாருடைய படம் பிடிக்கும் என்பதை வைத்துப் பிரித்ததாகச் சொன்னார்கள். தன் அணியில் வேறு யார் இருக்கிறார் என்றே பையனுக்குத் தெரியாது. பிறகு, தனக்கில்லாமல் மற்ற இருவருக்குக் காசாக மாறும் புள்ளிகளைப் பங்கிடச் சொன்னார்கள். தன் அணிக்காரனுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பது எதிர்பார்க்கக்கூடியதே. என்னை எப்போதும் தொந்தரவு செய்வது அட்டவணைகளில் ஒன்று. அதன் ஒரு முனையில் தன் அணிக்காரனுக்கு 19, மற்றவனுக்கு 25. மறு முனையில் தன் அணிக்காரனுக்கு 7, மற்றவனுக்கு 1. தன் ஆளுக்கு நன்மை வேண்டுமென்றால் 19 இருக்கிறது. பையன்களின் தெரிவுகளோ 7 க்கும் 1 க்கும் உள்ள முனைப்பக்கம் இழுபட்டன. நட்டமானாலும் பரவாயில்லை, இடைவெளி வேண்டும்.

ஒவ்வொரு ஆண்டும் இந்த இடத்தில் வகுப்பு சிரிக்கும். 'புள்ளி எண்ணியதற்கா இவ்வளவு!' என்று ஒருவராவது சொல்வார். எங்களுக்குப் புள்ளிகள் தேவையில்லை. ஊர், மதம், சாதி, பள்ளிக்கூடம் என்று ஆயிரம் வருட இருப்பு இருக்கிறது என்பது அந்தச் சிரிப்பின் உள்ளடக்கம்.

ஆனால் எங்கள் பட்டியலை தாஜ்ஃபெலை மட்டும் வைத்து விளக்கினால் அது பொய்யாகும். நாங்கள் இடைவெளியை நாடவில்லை. ஏழு வீட்டாருக்குக் கிடைக்கக் கூடாது என்று எவரும் எண்ணவில்லை. மரிலின் புரூவர் 1999 இல் எழுதிய ஒரு கருத்து இங்கே கூடப் பொருந்துகிறது: தன் ஆட்கள் மீதுள்ள பற்றுக்கு வெளியாட்கள் மீது வெறுப்பு இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை, பாரபட்சத்தில் பெரும்பகுதி தன் ஆட்களுக்குக் காட்டும் சலுகையிலிருந்தே பிறக்கிறது. பதினைந்து மட்டுமே இருக்கும் இடத்தில் சலுகையும் புறக்கணிப்பும் ஒரே சிலிண்டரின் இரு பக்கம். புறக்கணித்தவன் மட்டும் தான் சலுகை காட்டியதாகவே நினைத்துக்கொண்டு தூங்கப் போகிறான். நான் அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

'வியாபாரத் தொடர்பு இருக்கிறது' என்ற பாராட்டுக்கு வருகிறேன். டெய்லர், ஜக்கி என்ற இருவர் 1974 இல் வெளியிட்ட ஆய்வு தென்னிந்தியாவில் 30 இந்து எழுதுவினைஞர்களிடம் செய்யப்பட்டது. ஒருவர் உதவினார், ஒருவர் ஏமாற்றினார் என்பதுபோன்ற சின்னச் சம்பவங்களைச் சொல்லி, அவர் ஏன் அப்படி நடந்தார் என்று கேட்டார்கள். நல்லது செய்தவர் இந்து என்றால் அது அவருடைய குணம். முஸ்லிம் என்றால் சந்தர்ப்பம் அப்படி. கெட்டது செய்தவர் என்றால் விளக்கம் தலைகீழ். எங்கள் மேசையில் நடந்தது இதன் ஒன்றுவிட்ட தம்பி. எங்கள் வீட்டில் சிலிண்டர் தீர்ந்தால் அது நாட்டின் நெருக்கடி. அவர்கள் வீட்டில் சமையல் நடந்தால் அது அவர்களின் கெட்டித்தனம். அவர்கள் வீட்டிலும் தீர்ந்திருக்கும் என்ற மூன்றாவது வழியை எவரும் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் என் துறையாரோடு எனக்கு ஒரு சின்னப் பிணக்கு. பரிசோதனைக் கூடத்தில் பையனுக்கு இரு பக்கத்தையும் சம அளவு தெரியும், அதாவது இரண்டையும் தெரியாது. வாழ்க்கையில் அப்படி இல்லை. தேவை என்பது தெரிந்தால்தான் தேவை. தெரிவது கோயிலில், செத்தவீட்டில், கல்யாண வீட்டில், இரண்டாவது வட்ஸ்அப் குழுவில். 'நோயாளி உள்ள வீடு' என்ற விதி எல்லோருக்கும் பொது. யார் வீட்டில் நோய் இருக்கிறது என்ற தகவல் பொதுவல்ல. எங்கள் ஓரவஞ்சனை அந்தத் தகவலுக்குள் ஒளிந்திருந்தது. அதனால்தான் விதியை மட்டும் வாசித்தவர்கள் எங்களை நியாயவான்கள் என்றார்கள், நாங்களும் நம்பினோம்.

அடுப்பு

ஜூன் மாதம் நிலைமை முற்றியது. மாத இறுதியில் பெற்றோல் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றாயிற்று. வாகனத் தரிப்பிடத்தில் கார்கள் தூசிபடிந்து நின்றன. பதினைந்து வீட்டின் சிலிண்டர்களும் தீர்ந்தன. அப்போது தரிப்பிடத்தின் பின்மூலையில், கடற்காற்று படாத சுவரோரம், ஆசிரியையின் தாயார் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். காவலாளி எங்கிருந்தோ றப்பர் விறகு கொண்டுவந்தார். ஈர விறகை எப்படி அடுக்குவது, எங்கே தேங்காய்ப் பொச்சைச் செருகுவது, எப்போது ஊதாமல் விட வேண்டும் என்று அந்த அம்மா சொல்லிக்கொடுத்தார். இரண்டு பட்டதாரிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அவருடைய வாயைப் பார்த்து நின்றார்கள். 'மலையக ஆட்களுக்கு விறகு பழக்கம்' என்ற எங்கள் வாக்கு பலித்துவிட்டதல்லவா என்று குழுத் தலைவர் என்னிடம் சொன்னார். அவர் தமாஷாகச் சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் நான்கு அடுப்பு. காலை பதினொரு மணி வரை சைவச் சமையல், பிறகு மச்சம் என்று ஏற்பாடு. யாரோ சோக்கட்டியால் தரையில் ஒரு கோடு கிழித்தார்கள், இந்தப் பக்கம் சைவ அடுப்பு என்று. கால்பட்டு அழிந்தது. மறுபடி கிழித்தார்கள். மூன்றாம் முறை அழிந்தபோது புதிதாகக் கிழிக்கச் சோக்கட்டி தேடினார்கள், கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு கோடு இல்லை, ஆனால் அது இருந்த இடத்தை எல்லோரும் சுற்றிக்கொண்டுதான் நடந்தார்கள்.

துருக்கியில் பிறந்த முஸாஃபர் ஷெரிஃப் 1954 இல் ஒக்லஹோமாவின் மலைக்காட்டு முகாமில் 22 சிறுவரை இரு அணியாக்கிப் போட்டியில் விட்டார். கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை வந்தது. சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு கொடுத்ததில் அது தீரவில்லை. தண்ணீர்த் தொட்டி அடைபட்டபோதும், லொறி நின்றுபோய் எல்லோரும் சேர்ந்து கயிறு கட்டி இழுத்தபோதும்தான் தணிந்தது. எங்கள் அடுப்பைப் பார்த்த நண்பர் ஒருவர் 'இது ஷெரிஃபின் லொறி' என்றார். நான் அவ்வளவு உறுதியாக இல்லை. ஷெரிஃபின் 1953 முயற்சியில் சிறுவர்கள் பகைத்துக்கொள்ள மறுத்து, ஆய்வே கைவிடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தவிர, லொறி இழுத்த சிறுவர்கள் சமமானவர்கள். எங்கள் அடுப்படியில் விறகு சுமந்த காவலாளி அப்போதும் எல்லோரையும் 'ஐயா' என்றார். நாங்கள் அவரைப் பெயர் சொல்லி அழைத்தோம். கோர்டன் ஆல்போர்ட் 1954 லேயே எழுதிவைத்த நிபந்தனைகளில் முதலாவது இதுதான்: பழகினால் மட்டும் போதாது, பழகும் இடத்தில் சமநிலை வேண்டும். அந்தக் காவலாளி ஒன்பது வருடமாக எங்களுக்குக் கதவு திறக்கிறார். அவருடைய ஊரை நான் இந்த ஆய்வை எழுதத் தொடங்கியபோதுதான் கேட்டேன்.

அடுப்படியில் நடந்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஐந்தாம் மாடி ஹாஜியாரை எல்லோருக்கும் தெரியும். எழுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். ஒருநாள் காலையில் யாரோ ஒடியல் கூழைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் விறகைத் தள்ளியபடி, "கூழுக்குள் பயற்றங்காய் போடாவிட்டால் அது கூழே இல்லை" என்றார். எல்லோரும் திரும்பினோம். "ஹாஜியாருக்கு எப்படி எங்கள் கூழ் தெரியும்?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் சோனகத்தெருவில் பிறந்தவன், தம்பி. யாழ்ப்பாணம்."

பன்னிரண்டு ஆண்டுகளாக அந்தக் கட்டடத்தில் இருந்தவரிடம் எவரும் 'எந்த ஊர்?' என்று கேட்டிருக்கவில்லை. முஸ்லிமிடம் அதைக் கேட்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பதிலை வைத்துச் செய்ய எதுவும் இல்லை என்ற நினைப்பு. சட்டென்று ஒரு பரபரப்பு. 'அட, எங்கள் ஊர் ஆள்!' என்றார் குழுத் தலைவர். அவர் பிறந்தது பம்பலப்பிட்டியில். கஸ்தூரியார் வீதி, ஒஸ்மானியாக் கல்லூரி, பண்ணைக் கடற்கரை என்று கேள்விகள் வரிசையாக வந்தன. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது கேள்வி. ஹாஜியார் முகம் மலர்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு ஓர் இளைஞன், வரலாறு தெரியாதவன், "ஏன் இங்கே வந்துவிட்டீர்கள்?" என்று கேட்டான்.

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கின் முஸ்லிம்கள் எல்லோரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தில் இரண்டு மணி நேர அவகாசம். அடுப்பைச் சுற்றி நின்ற பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஹாஜியார் இளைஞனைப் பார்த்து, "அப்போது வரவேண்டி வந்தது" என்றார். பிறகு பானையை இறக்கினார்.

ஓர் ஆளை 'எங்கள் ஆள்' ஆக்கிக்கொள்ளச் சில நொடி போதும் என்பதை அன்று பார்த்தேன். பெரிய வட்டத்துக்குள் இரு குழுவையும் கொண்டுவந்தால் பாரபட்சம் குறையும் என்பது ஆய்வாளர் கேர்ட்னரும் டொவிடியோவும் வளர்த்தெடுத்த கருத்து. ஆனால் அந்தப் பெரிய வட்டத்தின் பெயர் 'யாழ்ப்பாணம்' என்றால், ஹாஜியாரை அதிலிருந்து வெளியே தள்ளியதும் அதே பெயரில்தான். கூட நின்ற ஆசிரியையின் தாயார் இந்தப் பேச்சு முழுவதிலும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த வட்டத்தில் அவருக்கு இடமில்லை. அடுப்போ அவருடையது.

இரண்டாம் பட்டியல்

ஜூலையில் கப்பல்கள் வரத் தொடங்கின. கடைக்காரர் இம்முறை பத்துச் சிலிண்டர் தருவதாகச் சொன்னார். விதி பழையதுதான். தகவல் சேர்க்கும் முறையை மட்டும் மாற்றினோம். நான்காம் மாடிப் பெண்ணின் கணவரும் ஆசிரியையும் எல்லா வீட்டுக்கும் ஏறி இறங்கி அரைப்பக்கப் படிவம் நிரப்பி வந்தார்கள். மாத்திரைச் சீட்டு, பிறப்புச் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை, சொன்னதை எழுதிக்கொண்டார்கள். பத்தில் மூன்று முஸ்லிம் வீட்டுக்கும், ஒன்று மலையக வீட்டுக்கும், ஆறு யாழ்ப்பாணத்தாருக்கும் போயின. சிங்கள ஐயா தமக்கு வேண்டாம், மகள் ஒன்று அனுப்பியிருக்கிறார் என்று எழுதிக் கொடுத்திருந்தார். ஆகக்குறைந்தது அவர் விடயத்தில் எங்கள் ஊகம் சரி.

திட்டு எனக்குத்தான் விழுந்தது. விடுபட்ட ஏழு வீட்டாரும் மே மாதத்தில் கோபித்து ஒரு சொல் பேசவில்லை. ஜூலையில் விடுபட்ட எங்கள் ஆட்களோ அன்று மாலையே வாசலுக்கு வந்தார்கள். "எங்கள் ஆட்களையே விட்டுவிட்டீர்களே, அண்ணை. அவர்கள் செயலாளராக இருந்தால் எங்களுக்குத் தருவார்களா?" என்றார் ஒரு தங்கை. அவர்கள் செயலாளராக வரும்படி எங்கள் யாப்பில் எதுவும் தடையில்லை; ஒருதரம்கூட எவரும் முன்மொழிந்ததில்லை. இரண்டாவது வட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை எவரும் நீக்கவில்லை, ஆனால் செத்தவீட்டுச் செய்திகள் சிறிது காலம் எனக்குத் தாமதமாகவே தெரிந்தன.

2023 தை பிறந்த பிறகு அடுப்புக் கற்களை எடுத்து, கரி படிந்த சுவருக்கு வெள்ளை அடித்தோம். செலவு 24 வீட்டுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டது. அந்த ஆண்டு நடுவில் ஆசிரியை குடும்பம் வத்தளைக்குக் குடிபெயர்ந்தது. மாற்றலாகி வந்த பாடசாலை அங்கே. போகும்போது அவருடைய தாயார் ஊதாங்குழலை என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் அந்த வீட்டுச் சொந்தக்காரர் ரொறொன்ரோவிலிருந்து அழைத்தார். வீடு சும்மா கிடக்கிறது, வாடகைக்கு யாராவது இருந்தால் சொல்லுங்கள் என்றார். "நல்ல ஆட்களாகப் பாருங்கள், அண்ணை. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை." நான் 'சரி' என்றேன். எனக்குத் தெரிந்த மூன்று குடும்பங்களின் பெயரைச் சொன்னேன், தொலைபேசி இலக்கங்களையும் கொடுத்தேன். அழைப்பை வைத்த பிறகு, குறித்துவைத்த தாளைப் பார்த்தேன். கொக்குவில், கோண்டாவில், மானிப்பாய்.